பௌர்ணமியன்று ரியால்ட்டோ கடற்கரையில் தனியாகக் கூடாரம்: சரி வருமா?

கூடாரவாசி:
அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்டில் இருக்கிறேன். கோடையில் நாலைந்து முறை கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறேன், எப்போதும் நண்பர்களோடுதான். டிசம்பர் கடைசி வாரம் ஆபீஸ் லீவு. ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ரியால்ட்டோ கடற்கரையிலிருந்து வடக்கே நடந்து, ‘ஹோல் இன் த வால்’ பாறையைத் தாண்டி, சிலி மாலுமிகளின் நினைவுக்கல் இருக்கும் குடாவில் தனியாக இரண்டு இரவு தங்க ஆசை. நாலு மைல்கூட இல்லை. நிலா வெளிச்சம் கிடைக்கட்டும் என்று பௌர்ணமி பார்த்துத் தேதி குறித்திருக்கிறேன். பக்கத்து ஊரான லா புஷ்ஷின் ஓத அட்டவணையில் (கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கு) ஆறு மணிக்குக் கடல் மைனஸ் ஒரு அடி வரை, அதாவது அட்டவணையின் பூஜ்ய மட்டத்துக்கும் கீழே, இறங்குகிறது. அந்த நேரத்தில் பாறை முனைகளைச் சுற்றிக் கடந்துவிடலாம்தானே? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உப்பளத்துக்காரி:
தம்பி, அது மாலை ஆறு மணி. டிசம்பரில் அங்கே நாலரைக்குள் சூரியன் போய்விடும். பாசி பிடித்த பாறையில் நெற்றி விளக்கோடு தாவப் போகிறீர்களா?

எனக்குத் தூத்துக்குடி. எங்கள் கடல் முழங்காலளவு ஏறும், இறங்கும், அவ்வளவுதான். அதனால் ஓதத்தை நானும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒலிம்பிக் கரையில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஒன்பது, பத்து அடி ஏறும். அதுவும் குளிர்காலத்தில் கடல் நன்றாக வற்றுவதெல்லாம் இருட்டில்தான். உச்ச ஏற்றம் சரியாக நடுப்பகலை ஒட்டி வரும், அதாவது நீங்கள் நடக்கும் நேரத்தில். கோடையில் இது அப்படியே மாறி, அதிகாலையில் நன்றாக வற்றும். நீங்கள் பழகியது அந்தக் கடல்.

வீட்டில் அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்பார்கள். இந்தக் கரைக்கு அஷ்டமிதான் நல்ல நாள். அரை நிலா நாட்களில் கடல் ரொம்ப ஏறாது, ரொம்ப இறங்கவும் செய்யாது. ஆனால் இறக்கம் நடுப்பகல் பக்கம் விழும். நிலாவை நம்பிப் போகாதீர்கள், டிசம்பரில் அங்கே மேகம்தான் தெரியும்.

என் கதை: முதல் குளிர்காலப் பயணத்தில், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரங்களுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டேன். காற்றுக்கு நல்ல மறைப்பு என்று நினைப்பு. விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும்போது டொக், டொக் என்று சத்தம், துறையில் தோணிகள் ஒன்றோடொன்று இடிக்குமே, அது மாதிரி. விளக்கை அடித்தால், ஆள் உயரத் தடிமன் உள்ள மரம் ஒன்று கணுக்கால் தண்ணீரில் மெல்லப் புரள்கிறது. அட்டவணைப்படி தண்ணீர் அவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாது. புயலில் காற்றழுத்தம் குறைந்தால் கடல் மட்டம் தானாகவே உயரும், அலை வேறு ஏறி வரும். அட்டவணையில் இருப்பது நிலா, சூரியன் கணக்கு மட்டும்தான். கூடாரத்தைச் சுருட்டாமல் அப்படியே இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். வெளியே கழற்றி வைத்த பூட்ஸில் ஒன்று போய்விட்டது. மூன்று சாக்ஸ், ஒரு ஹவாய்ச் செருப்பு, சுற்றிலும் டேப். அப்படித்தான் கார் வரை வந்தேன். அந்த மூன்று மைலுக்கு ஐந்து மணி நேரம்.

ஈரக்காக்கை:
அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். மேலே காட்டுக்குள் போட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. மழையில் ஊறிய மண், பெரிய ஸ்ப்ரூஸ் மரங்கள். பலத்த காற்றில் கிளை முறியும், மரமே சாயும். நான் காற்று எச்சரிக்கை இருந்தால் கிளம்புவதே இல்லை, பெர்மிட் வீணானாலும் சரி.

பாறை முனைகளில் சிவப்பும் கறுப்புமாக வட்டப் பலகை தெரிந்தால் அங்கே மேலே காட்டு வழி இருக்கிறது என்று அர்த்தம். ஹோல் இன் த வாலுக்கு அப்படி உண்டு. நினைவுக்கல்லுக்கு வடக்கே கேப் ஜான்சனுக்குக் கிடையாது, ஆசைப்பட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். சாப்பாட்டுக்குக் கரடி டப்பா, அதாவது விலங்குகளால் திறக்க முடியாத கெட்டியான டப்பா, கட்டாயம். உண்மையில் தொல்லை கரடியால் இல்லை, ரக்கூனால். இட்லிப் பொடி, பற்பசை எல்லாமே டப்பாவுக்குள் போக வேண்டும். ஓடைத் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும், பயப்படாதீர்கள், இலைச் சாறுதான். வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடியுங்கள்.

கூடாரவாசி:
ஆறு மணிக்குப் பக்கத்தில் இருந்த பி.எம். இப்போதுதான் கண்ணில் படுகிறது. தேதியை அரை நிலாவுக்கு மாற்றிவிட்டேன், ஒரு இரவு மட்டும். அன்று இறக்கம் பகல் 12:50, மூன்றரை அடி. எத்தனை மணிக்கு ரியால்ட்டோவில் நடக்கத் தொடங்கலாம்?

உப்பளத்துக்காரி:
பத்தரைக்கு. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது பாறைகளுக்குப் போய்ச் சேருங்கள், ஏறும்போது வேண்டாம். ரியால்ட்டோவிலிருந்து எல்லன் ஓடை வரை கூடாரம் போட அனுமதி இல்லை, அதனால் பாதியில் களைத்து உட்காரலாம் என்ற கணக்கு வேண்டாம். பூங்கா வரைபடத்தில் எந்த முனையை எத்தனை அடிக்குக் கீழே கடக்கலாம் என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், போனில் சிக்னல் இருக்காது. இன்னொரு பிரதி வீட்டில், எத்தனை மணிக்குள் நீங்கள் கூப்பிடாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற குறிப்போடு. அதற்கு முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், தம்பி.