மறு: சூப்பர் மெஜோரிட்டிக்குச் சொல் – வெள்ளிக்கு முன்

கோண்டாவில் எழுதியது:

வணக்கம். உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்புக்கு மக்கள் தீர்ப்பு (பொது வாக்கெடுப்பு) பற்றி ஒரு ரியூட், அதாவது பாடக்குறிப்பு அடிக்கிறேன். வெள்ளி காலை போட்டோக்கொப்பிக்குப் போக வேண்டும். பாதிக்கு மேல் ஒரு வாக்கு என்றால் சாதாரண பெரும்பான்மை, அதில் சிக்கல் இல்லை. மொன்ரினீக்ரோவில் 2006இல் தனிநாட்டுக்கு 55 வீதம் வேண்டும் என்று வைத்தார்கள், 55.5 கிடைத்தது, பிரிந்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் தேர்தல் முறையை மாற்ற 60 வீதம் வைத்தார்கள், 57.7 கிடைத்தும் மாறவில்லை. இந்த 55, 60, மூன்றில் இரண்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் தேவை. இதுவரை ‘விசேட பெரும்பான்மை’ என்றுதான் எழுதி வந்தேன். போன கிழமை ஒரு பிள்ளை “அதில என்ன சேர் விசேடம்?” என்று கேட்டுவிட்டாள்.

வட்டுக்கோட்டை எழுதியது:

அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ். விசேடம் நம் சொல்லே அல்ல. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தரும் என்று தொல்காப்பியர் உரியியலிலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்தாள ஆள் இல்லை, அவ்வளவுதான். ‘உறுபசியும் ஓவாப் பிணியும்’ என்கிறது குறள். பசி மிகுந்தால் உறுபசி, பெரும்பான்மை மிகுந்தால் உறுபெரும்பான்மை. பிடிக்காவிட்டால் நனிபெரும்பான்மை என்று வையுங்கள். தவபெரும்பான்மை வேண்டாம், தவம் செய்து பெற்றது போல் ஒலிக்கிறது.

சென்னை எழுதியது:

ஐயா, அதே குறளில் இரண்டு அதிகாரம் தள்ளி ‘உறுபொருளும் உல்குபொருளும்’ என்று வருகிறதே. அங்கே உறுபொருள் என்றால் உடையவன் இல்லாமல் அரசனிடம் வந்து சேர்ந்த பொருள். உறுபெரும்பான்மை என்று போட்டால் உடையவன் இல்லாத வாக்கு என்று யாராவது உரை எழுதிவிடுவார்கள்! எங்கள் பக்கம் செய்தித்தாள்களில் ‘சிறப்புப் பெரும்பான்மை’ என்கிறார்கள். ஆனால் அது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் வேண்டியது. வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு, கூடவே மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். அதைப் பொதுப்பெயராக்க முடியாது. என் பரிந்துரை மீப்பெரும்பான்மை. ஹைப்பர்டெக்ஸ்டுக்கு மீயுரை பழகிவிட்டது, இதுவும் பழகும்.

கொக்குவில் எழுதியது:

உங்கள் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்றால் எல்லாவற்றிலும் பெரியது. 55 வீதம் எப்படி மீப்பெரிது ஆகும்? 56 அதை விடப் பெரியதல்லவா?

பருத்தித்துறை எழுதியது:

முன்னொட்டைப் பிடித்துச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு உறுத்துவது பின்னால் வருகிற சொல். ‘பெரும்பான்மை’ என்று இங்கே ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், முதலில் நினைவுக்கு வருவது வாக்குக் கணக்கல்ல, பெரும்பான்மை இனம். சிறுபான்மையைக் காக்கும் என்று நம்பி வைக்கிற விதிக்கு ‘இன்னும் பெரிய பெரும்பான்மை’ என்று பெயரா?

1982 டிசம்பர் 22 உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தேர்தல் வைக்காமல் இலங்கை நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நாடு முழுக்க விளக்குக்கு 54.66 வீதம், யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடம். 55 என்று வைத்திருந்தாலே போதும், அது அன்றைக்கே விழுந்திருக்கும்.

இன்னொன்று. உயர்த்துவது எப்போதும் பெரும்பான்மையை அல்ல. ஸ்கொட்லாந்தில் 1979இல் தனிச் சட்டசபைக்கு ஆம் என்றவர்கள் 51.6 வீதம், ஆனால் வாக்காளர் இடாப்பில் 40 வீதம் வேண்டும் என்றிருந்தது. கிடைத்தது 33க்குச் சற்றுக் குறைவு, அதனால் செல்லவில்லை. நம் அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரையும் இதே சாதிதான்: வாக்களிப்பு மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், ஆம் என்றவர்கள் இடாப்பில் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆகவே ‘தேறுவரம்பு’ என்று வைப்போம். 55ம் அடங்கும், 40ம் அடங்கும்.

கொக்குவில் எழுதியது:

குடம் என்றதும் கேட்கிறேன், குடவோலையை நினைத்துத்தான் அந்தச் சின்னம் வைத்தார்களோ?

வட்டுக்கோட்டை எழுதியது:

தம்பி, குடவோலையில் வாக்கே இல்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டை ஒருமுறை வாசியும். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். சீட்டுக் குலுக்கல் அது. முதலாம் பராந்தகன் காலத்தில் பெரும்பான்மை என்ற பேச்சுக்கே வேலை இருக்கவில்லை.

தேறுவரம்பு பற்றி: பரீட்சையில் தேற வேண்டிய புள்ளிக்கு அதை விட்டுவிடுங்கள்.

நல்லூர் எழுதியது:

சொல் இருக்கட்டும். பருத்தித்துறை ஐயா வரம்பை உயர்த்தினால் நமக்குக் காவல் என்கிறார். ஒற்றையாட்சி என்கிற 2ஆம் உறுப்புரையையும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிற 9ஆம் உறுப்புரையையும் தொட என்ன வேண்டும்? நாடாளுமன்றத்தில் 225இல் 150, அதன் பிறகு மக்கள் தீர்ப்பு. சமஷ்டி (கூட்டாட்சி) கேட்கிறவன் ஏற வேண்டிய மதில் அது. அதை 60 வீதம் ஆக்கினால் யாருக்கு லாபம்? உயர்ந்த வரம்பு சிறுபான்மையைக் காக்காது, இருப்பதைக் காக்கும். இருப்பது நமக்குச் சாதகம் என்றால் சந்தோஷம்.

சென்னை எழுதியது:

அப்படியென்றால் சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா மாதிரி இரட்டைப் பெரும்பான்மை? நாட்டிலும் பாதிக்கு மேல், மாநிலங்களிலும் பாதிக்கு மேல்.

நல்லூர் எழுதியது:

அவுஸ்திரேலியாவில் இதுவரை அரசியலமைப்புத் திருத்தம் 45 கேட்டு 8தான் தேறியது. இங்கே தமிழ் பேசுவோர் கூடுதலாக இருப்பது ஒன்பது மாகாணத்தில் இரண்டில். மாகாணக் கணக்கிலும் நாம் வெளியேதான். இரண்டு மாகாணமும் தனித்தனியே ஆம் சொல்ல வேண்டும் என்று யாராவது எழுதினால் கதைக்கலாம்.

கோண்டாவில் எழுதியது:

வியாழன் இரவு ஒன்பதரை. எல்லோருக்கும் நன்றி. பிள்ளை பரீட்சையில் புதுச்சொல் எழுதிப் புள்ளி போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆகவே தலைப்பில் விசேட பெரும்பான்மை, அடுத்த வரியில் ‘கூடுதல் பெரும்பான்மை என்றும் சொல்வர்’. நாலைந்து பேர் தனிமடலில் ‘கூடுதல்’ போதும் என்றார்கள். நல்லூர் சொன்ன மதில் விஷயத்தைக் கட்டுரை வினாவாகப் போட்டுவிட்டேன்.

வட்டுக்கோட்டை எழுதியது:

கூடுதல் என்பது சந்தையில் நிறுக்கும்போது சொல்வது. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறை எழுதியது:

சரி மாஸ்டர். ஸ்கொட்லாந்தின் 40 வீதத்தை எந்தத் தலைப்பின் கீழ் போட்டீர்கள்?