பழைய கிராமத்து வீட்டில் ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்): சிமெண்ட் பூசலாமா?

நிலைப்படி
வணக்கம். தாத்தா காலத்து வீடு இப்போது எங்கள் கைக்கு வந்திருக்கிறது. பழமை மாறாத கிராமம். தெருவே பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் வெளித்தோற்றத்தில் கை வைக்க அனுமதி வாங்க வேண்டும். செங்கல்லும் கல்லும் கலந்து சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடி கனச் சுவர்கள், மர உத்திரம், ஓட்டுக் கூரை.

சிக்கல் கூடத்துச் சுவரில்தான். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது. துடைத்துவிட்டாலும் மறுபடி வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அந்தப் பகுதியில் மட்டும் பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதற்கு மேலே உள்ள பழைய காரை இன்றும் உறுதியாக நிற்கிறது.

வந்து பார்த்த கொத்தனார், "முழுக்கக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசுவோம். தரைக்கு டைல்ஸ், ஜன்னலுக்கு அலுமினியம், ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம்" என்கிறார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வேண்டும். வயரிங்கும் மாற்றியாக வேண்டும். காட்சிக்கு வைக்கும் வீடு இல்லை, நாங்கள் குடியிருக்கப் போகிற வீடு. ஆனாலும் அதன் குணம் கெட்டுவிடக் கூடாது. எதில் தொடங்குவது?

ஈரமண்
உள்ளே எதையும் தொடும் முன் வெளியே போய், அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். வெளித்தரை உள்தரையை விட உயரமாக இருக்கிறதா? கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? நான் பார்த்த வீடுகளில் பாதி ஓதத்துக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

சாந்துக்கரண்டி
ஈரமண் சொன்னதுதான் முதல் வேலை. அதோடு சேர்த்து, சிமெண்ட் பூசும் யோசனையை இன்றே கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல வருடங்களாகப் பழைய சுவர்களில்தான் வேலை செய்கிறேன். நல்ல வீடுகள் இந்த ஒரு காரணத்தால் பாழாவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

உங்கள் சுவரில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இருக்காது. மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகி வெளியேறும். இப்படித்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் நின்றது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு முடிகிற இடம் வரை மேலே ஏறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, காயும்போது செங்கல்லின் மேற்பரப்புக்குள் படிகமாகி அதைப் பொடியாக்கும். பழைய செங்கல்லை விட சிமெண்ட் கெட்டியானது. அதனால் பூச்சு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. விழுந்த ஒரு சில்லை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், சிவப்பாகச் செங்கல் துகள் ஒட்டியிருக்கும். விரல் மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டப்’ என்று பொள்ளலாகக் கேட்கிற இடமெல்லாம் தானே விட்டுவிட்டது, அதை எடுப்பது சுலபம். கெட்டியாக ஒட்டியிருப்பதை மெஷின் வைத்து உடைக்காதீர்கள், உளியும் சிறு சுத்தியலும் போதும்.

எடுத்த பிறகு உடனே பூசிவிடக் கூடாது, சுவர் காய வேண்டும். தோராயமாக மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் உங்கள் ஒன்றரை அடிச் சுவருக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்த வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும்.

அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, கூர்மையான பருமணல் மூன்று பங்கு வரை. ஒரே அடியாகக் கனமாக அப்பாமல், அரை அங்குலத்துக்கும் குறைவான அடுக்குகளாகப் போட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டுதான் இறுகும், அதற்கும் லேசான ஈரம் தேவை. ஆகவே வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டி, மெல்லக் காயவிடுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கும் பருவத்தில் இந்த வேலையே வேண்டாம். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். நீர்க்கச் சுண்ணாம்பு கரைத்து நாலைந்து தடவை அடியுங்கள். அடிக்கும்போது தண்ணீர் மாதிரி தெரியும், ஒன்றுமே ஏறவில்லையே என்று தோன்றும். காயக் காயத்தான் வெண்மை எழும்பி வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மட்டும் தொடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

கான்கிரீட் தளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,500 கிலோ. 12 செ.மீ. தளம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 300 கிலோ. ஓட்டுக் கூரையின் எடை இதில் ஒரு சிறு பங்குதான். அந்தப் பாரத்துக்காகக் கட்டிய சுவர் அல்ல அது.

நிலைப்படி
மிக்க நன்றி ஐயா. ஈரமண், நீங்கள் சொன்னபடி பார்த்தேன். தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டு, வெளியே மட்டம் எங்கள் கூடத்தை விட ஏறக்குறைய ஒரு சாண் உயர்ந்திருக்கிறது! பெயர்ந்த பூச்சின் பின்பக்கமும் சிவப்பாகத்தான் இருக்கிறது. தெருவை எப்படித் தாழ்த்துவது? ஜன்னல், தரை, கழிப்பறைக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

ஈரமண்
தெருவைத் தொட வேண்டியதில்லை. அனுமதி கிடைத்தால் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தோண்டி, மட்டத்தை உள்தரையை விடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்த்துங்கள். அடியில் துளையிட்ட குழாய், மேலே சரளைக்கல். தண்ணீர் வெளியேற வாட்டமும் ஓரிடமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே சுவரடியில் குளம் வெட்டியது போலாகிவிடும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

தரைக்கு வழவழப்பான டைல்ஸ் போட்டால், அடியிலிருந்து வரும் ஈரம் ஓரங்களுக்கு நகர்ந்து சுவரில் ஏறும். இருக்கும் பழைய தரையைச் சுத்தம் செய்து, உடைந்த கற்களை மட்டும் சுண்ணாம்பில் மாற்றிப் பதியுங்கள்.

இழைப்புளி
ஜன்னலைப் பற்றி நான் சொல்கிறேன். மரவேலைதான் என் தொழில். பேனாக்கத்தி நுனியால் சட்டத்தின் அடிக்கட்டையைக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் நாலைந்து அங்குலம் மட்டும்தான் மக்கியிருக்கும், மேலே வைரம் பாய்ந்த மரமாக இருக்கும். மக்கியதை அறுத்துவிட்டு, அதே சாதி மரத்தில் துண்டு சேர்த்து இணைத்தால் ஜன்னல் பிழைத்துக்கொள்ளும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைகளையும் இப்படியே சோதியுங்கள், ஓதம் முதலில் தின்பது அங்கேதான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணத்துக்கு வேலை இல்லை. குளிர் அதிகம் என்றால் பழைய ஜன்னலை எடுக்காமல் உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் மாட்டுங்கள்.

சாந்துக்கரண்டி
அம்மாவுக்கான கழிப்பறையைத் தள்ளிப்போட வேண்டாம், சுவர் காயும் காலத்திலேயே அந்த வேலை நடக்கட்டும். கழிவுக்குழாய் நேராக வெளியேறக்கூடிய பின்பக்க அறையின் மூலையைத் தேர்ந்தெடுங்கள். பழைய சுவரில் டைல்ஸ் ஒட்டாமல், ஓர் அங்குலம் இடைவெளி விட்டு இலேசான தடுப்பு எழுப்பி அதன் மேல் ஒட்டுங்கள். இடைவெளிக்குக் கீழும் மேலும் காற்றுத் துவாரம் வேண்டும். ஈரக்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி கட்டாயம். படி இல்லாமல் ஒரே மட்டம், கைப்பிடி, இரவு விளக்கு. நாளை யாராவது தடுப்பைப் பிரித்தாலும் பழைய சுவர் அப்படியே இருக்கும்.

வயரிங்குக்குச் சுவரைக் காடி வெட்ட விடாதீர்கள். உத்திரத்தின் ஓரமாகவும் தரையோரமாகவும் மேலோட்டமாகக் குழாயில் கொண்டுபோகலாம். பழைய வயரில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். எர்த்திங் சரியாக இருக்கட்டும், 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் மாட்டுங்கள்.

உளியை எடுக்கும் முன் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அனுமதிக்கும் அதுவே உதவும். தோண்டுவதற்கு அனுமதி வந்ததும் இங்கே எழுதுங்கள், வாட்டம் எந்தப் பக்கம் வைப்பது என்று படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.