சிமெண்ட் தரைக்கு நிறம் சேர்த்த அனுபவங்கள்

திருச்சி, தரை வேலை மேற்பார்வையாளர்

சிமெண்டில் சிவப்பு இரும்பு ஆக்சைடுப் பொடி கலந்து போடும் ரெட் ஆக்சைடு தரை கேட்டு வருபவர்கள் மறுபடியும் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள். படத்தில் இருப்பது பல வருஷம் கால் பட்டு, எண்ணெய் குடித்து மெருகேறிய தரை. போட்ட மாதத்திலேயே அந்த நிறத்தை யாராலும் கொடுக்க முடியாது. நிறம் பொடியில் மட்டும் இல்லை என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன். சிமெண்ட், மணல், தண்ணீர், அப்புறம் தண்ணீர் கட்டி ஆறவைக்கும் விதம் எல்லாம் சேர்ந்துதான் அது வருகிறது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வேறொருவர் போட்ட தரையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே ஹால், இரண்டு சிவப்பு. ஜன்னல் பக்கம் நல்ல அடர்த்தி, கதவுப் பக்கம் செங்கல் பொடி தூவியது மாதிரி வெளிறிப் போயிருந்தது. வீட்டு அம்மா ஆக்சைடு போலி என்றே முடிவு கட்டியிருந்தார். மீந்த பொடி டப்பாவில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன், நல்ல பொடிதான். விசாரித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. பாதி வேலையில் சிமெண்ட் தீர்ந்துபோய் வேறு பிராண்டு வாங்கியிருக்கிறார்கள். முன்னது ஓபிசி என்கிற சாதாரண சிமெண்ட், பின்னது நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி. இரண்டின் சாம்பல் நிறமும் ஒன்றில்லை. அதோடு மதிய வெயிலில் கலவை இறுகும்போதெல்லாம் சித்தாள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். கூடுதல் தண்ணீர் ஆவியாகும்போது நுண்துளைகளை விட்டுப் போகும், அந்தத் துளைகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், நிறம் வெளுத்துத் தெரியும். முழுத் தரைக்கும் வேண்டிய சிமெண்டை ஒரே பிராண்டில், ஒரே லோடில் இறக்கி, தண்ணீரையும் அளந்து ஊற்றியிருந்தால் அந்த இரண்டு சிவப்பே வந்திருக்காது.

அளவைப் பலரும் கேட்கிறார்கள். பொடியைச் சிமெண்டின் எடையை வைத்து நிறுக்க வேண்டும், மணலை இதில் சேர்க்கக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 5 சதவீதம் என்றால் இரண்டரை கிலோ. சாதாரண கான்கிரீட்டுக்கு 2 முதல் 5 சதவீதம் போதும், 10ஐத் தாண்டவே கூடாது. ஓரளவுக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் நிறம் ஏறாது. பொடி மாவு போல நுண்ணியது, தண்ணீரை இழுக்கும், வலு குறையும். பழைய மேஸ்திரிகள் தாராளமாகப் போட்டார்களே என்றால், அது மேலே இழைக்கிற மெல்லிய பூச்சில் மட்டும்.

கடையில் "கலர் பொடி" என்று கேட்டால் எதையும் கொடுப்பார்கள். பூஜை அறைக்கு நீலத் தரை வேண்டும் என்று ஒரு குடும்பம் கண்ணைப் பறிக்கிற நீலப் பொடி வாங்கி வந்திருந்தது. விலை ரொம்ப மலிவு, அதனாலேயே எனக்குச் சந்தேகம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, பொடியை ஒரு சிட்டிகை போட்டு இரவு மூடி வைத்தோம். காலையில் நீலத்தைக் காணோம், அடியில் துரு நிறத்தில் ஒரு வண்டல். சிமெண்டும் சுண்ணாம்பு மாதிரியே கடுமையான காரப்பொருள் (ஆல்கலி). பிரஷ்யன் நீலம் என்கிற இந்த மாதிரிப் பொடி அதில் நிற்காது, செடிச்சாயம் எதுவும் நிற்காது. நிற்பவை இரும்பு ஆக்சைடுகள் (சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பழுப்பு), பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, நீலத்துக்குக் கோபால்ட். கோபால்ட்டின் விலையைச் சொன்னதும் அவர்கள் பச்சைக்கு மாறிவிட்டார்கள். இப்போது போய்ப் பார்த்தாலும் அந்தப் பச்சை அப்படியே இருக்கிறது.

காரைக்குடி, வீட்டைப் புதுப்பித்தவர்

தம்பி சொன்ன சுண்ணாம்புச் சோதனையை எங்கள் ஊரில் எல்லாருக்கும் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டு வளவுக்கு (முற்றமும் அதைச் சுற்றிய இடமும்) ஆத்தங்குடி டைல்ஸ், அதாவது கையால் செய்யும் சிமெண்ட் டைல்ஸ், போட்டோம். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். சதுரக் கண்ணாடியை வைத்து, மேலே பூ வேலை செய்த தகர அச்சை நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட் பாலைச் சின்ன கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்காமல் நிற்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை அமுக்குகிறார்கள். அப்புறம் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். பாலிஷே போடாமல் அந்தப் பளபளப்பு வந்துவிடுகிறது. மஞ்சள், பச்சை, கிரீம் நிறங்களுக்கு ஒயிட் சிமெண்ட்தான். சாம்பல் சிமெண்டில் மஞ்சளைப் போட்டால் பாசி பிடித்தது மாதிரி இருக்கும் என்றார் பட்டறைக்காரர்.

கையால் செய்வது, அதனால் ஒரு டைல்ஸ் கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் சிவப்பு கொஞ்சம் மாறும். எல்லாக் கட்டுகளையும் பிரித்து, கலந்து கலந்து பதிக்கச் சொன்னேன். அது நல்லதாகப் போயிற்று. என் மனசை வலிக்க வைத்தது வேறு. பதித்து முடித்தபின், சிந்திய சிமெண்டைக் கழுவ ஆட்கள் ஆசிட் ஊற்றிவிட்டார்கள். முற்றத்து ஓரம் முழுக்கப் பளபளப்புப் போய், தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. ஆசிட் சிமெண்டையே தின்றுவிடும். இப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துக் கொஞ்சம் மீண்டிருக்கிறது. தரையைப் பதிக்கிற ஆளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆசிட் பாட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது.

கோவை, பேவர் பிளாக்

வாசலிலும் நடைபாதையிலும் பதிக்கிற சிமெண்ட் கல்லான பேவர் பிளாக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "கலர் போச்சு" என்று வருகிற புகார்களில் பெரும்பாலும் நிறப்பொடி போயிருக்காது. மேலே இருந்த சிமெண்ட் தோல் தேய்ந்து உள்ளே உள்ள ஜல்லி, மணல் தெரியும், அவ்வளவுதான். வாங்கும் முன் ஒரு கல்லை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், நிற அடுக்கு எவ்வளவு கனம் என்று அப்போது தெரியும். கறுப்புக்குக் கார்பன் பிளாக் போட்டிருந்தால் அது மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகும். இரும்பு ஆக்சைடுக் கறுப்பு அவ்வளவு அடர்த்தி காட்டாது, ஆனால் நிற்கும்.

யாழ்ப்பாணம்

திருச்சி அண்ணா, எங்கட பக்கம் பழைய வீடுகள் எல்லாம் சிவப்புச் சீமெந்து நிலம்தான். அம்மம்மா தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தா. போன வருஷம் நாங்கள் புதிதாகப் போட்ட விறாந்தையில் மாரி முடிய வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. கையால் தேய்த்தால் மாவு போல வருகிறது. மேசன் மேலே சிவப்புப் பெயின்ற் அடித்துவிடலாம் என்கிறார். அடிக்கலாமா?

திருச்சி, தரை வேலை மேற்பார்வையாளர்

தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள் தங்கச்சி. எல்லாரும் உப்புப் பூத்தது என்பார்கள், பெரும்பாலும் அது சிமெண்டிலிருந்து வெளியே வரும் சுண்ணாம்பு. ஈரத்தோடு மேலே வந்து, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. நிறம் போகவில்லை, வெள்ளைக்கு அடியில் அப்படியே இருக்கிறது. சிவப்பிலும் கறுப்பிலும் கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியும், அவ்வளவுதான். பெயிண்ட் அடித்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அடுத்த மாரியில் தோல் தோலாக உரியும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விறாந்தை ஓரத்தில் மண் மேடாக இருந்து மழைத் தண்ணீர் உள்பக்கம் திரும்புகிறதா, கூரைத் தாழ்வாரத் தண்ணீர் அங்கேயே விழுகிறதா என்று. அதைச் சரிசெய்துவிட்டு, வெயில் காலத்தில் தரை நன்றாகக் காய்ந்தபின் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் ஈரம் மறுபடி உள்ளே இறங்கும். திரும்பவும் கொஞ்சம் பூக்கும், திரும்பவும் தேய்க்க வேண்டும். போகப் போகக் குறைந்துவிடும். பூப்பது நின்றபின் மெழுகோ எண்ணெயோ மெல்லிசாகப் பூசி, உங்கள் அம்மம்மா செய்தது போலவே பொச்சுமட்டையால் தேய்க்கலாம்.

இன்னொரு அறை போடுவதாக இருந்தால், முன்னாலேயே ஒரு அடி சதுரத்துக்கு மாதிரி போட்டுப் பாருங்கள். அதே சிமெண்ட், அதே மணல், அதே மேசன். சிமெண்டையும் பொடியையும் தண்ணீர் படும் முன்பே ஒன்றாக்கிச் சல்லடையில் இரண்டு மூன்று முறை சலித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரணை இழுக்கும்போது சிவப்புக் கீற்றுகள் விழும். ஈரத்தில் எல்லாமே அழகான கருஞ்சிவப்பாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம். மூன்று நான்கு வாரம் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த அறைக்குள்ளேயே வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆறவைக்கும்போது வைக்கோல் போடாதீர்கள், அதன் சாயம் தரையில் இறங்கும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், எங்கும் திட்டுத் திட்டாகக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.