கரையிலிருந்து கப்பல் பார்க்க எந்த டெலஸ்கோப்? 70 மடங்கில் எல்லாம் நெளிகிறது

கேள்வி:
70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியதூரம் உள்ள வானியல் டெலஸ்கோப் இருக்கிறது. கடற்கரையில் வைத்து 10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) கப்பலும் கடற்பறவையும் பார்த்தால், காலை பத்து மணிக்கு மேல் படம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிகிறது. கப்பலின் பெயர் இடவலம் மாறித் தெரிகிறது. காற்றடித்தால் கேட்கவே வேண்டாம். 90 மடங்கு ஸூம் உள்ள ஒன்றை வாங்கினால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது, இன்னும் மோசமாகும். 700-ஐ 10-ஆல் வகுத்தால் 70. இப்போதே 70 மடங்கில்தான் பார்க்கிறீர்கள். நெளிவு லென்ஸில் இல்லை, நடுவில் இருக்கும் காற்றில். காய்ந்த மணலிலிருந்து சூடான காற்று எழும்போது ஒளி அலைக்கழிந்து வருகிறது. மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடவே பெரிதாகும். வெயில் ஏறியபின் 30, 40 மடங்கைத் தாண்டி உருப்படியாகத் தெரிவது அபூர்வம்.

சந்தேகம் இருந்தால் விடிந்ததும் 200 மீட்டரில் உள்ள பெயர்ப்பலகையை அதே 70 மடங்கில் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் டெலஸ்கோப்பில் பழுதில்லை. பிறகு 25 மி.மீ. ஐபீஸுக்கு மாறுங்கள். 28 மடங்கு வரும். கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றை 1 மி.மீ. அகலத்திலிருந்து 2.5 மி.மீ.யாக அகலும், படமும் பளிச்சென்று இருக்கும். அகன்ற மணல்வெளிக்குப் பின்னால் நிற்காதீர்கள். முன்னால் இருக்கும் முதல் சில மீட்டர் சூட்டுக்காற்றுதான் அதிகம் கெடுக்கும்.

பதில் 2:
பெயர் திரும்பித் தெரிவது, ஐபீஸுக்கு முன்னால் இருக்கும் 90 டிகிரி கண்ணாடியால். அதைக் கழற்றிவிட்டு, படத்தை நேராக்கும் 45 டிகிரி பிரிஸம் மாட்டுங்கள். உங்கள் ஐபீஸ் குழாயின் விட்டம் 1.25 அங்குலமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஆட்டத்துக்கு: ட்ரைபாடின் நடுத்தண்டைத் தூக்கவே தூக்காதீர்கள். கால்களை அகட்டி, மெல்லிய கடைசிக் கணுவை உள்ளேயே விட்டுவிட்டு, உட்கார்ந்து பாருங்கள். நடுவில் கனமான பை தொங்கவிடலாம். ஆனால் பை தரையைத் தொட்டு நிற்கட்டும். அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே ஆட்டும்.

கேட்டவர்:
25 மி.மீ.யில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் தூரத்துக் கப்பலின் அடிப்பகுதியைக் காணோம். ஃபோகஸ் கோளாறா? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது?

பதில் 1:
கோளாறு இல்லை, பூமியின் வளைவு. கண் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கி.மீ. என்று வரும். 2 மீட்டர் உயரத்துக்கு 5 கி.மீ. 12 கி.மீ.யில் போகும் கப்பலின் அடியில் ஏறக்குறைய நான்கு மீட்டர் மறைந்துவிடும். எந்த லென்ஸாலும் அதைக் காட்ட முடியாது, மேட்டில் ஏறுங்கள். 10 மீட்டர் உயரத்தில் அடிவானம் 11 கி.மீ.க்குத் தள்ளிப்போகும்.

பதில் 3:
வாங்குவதென்றால் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது பகலில் தரைக்காட்சி பார்க்கவென்றே செய்த, படத்தை நேராகக் காட்டும் டெலஸ்கோப். நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாக இருக்கட்டும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே போகாது. தூக்கி நடப்பவருக்கு 65 மி.மீ. முன்லென்ஸ் போதும். விடியலிலும் அந்தியிலும் பார்ப்பவர் 80 எடுங்கள். 20-60 ஸூம் வசதிதான், ஆனால் 20-ல் பார்வைப்பரப்பு குறுகியிருக்கும். அலைகளுக்கு நடுவே பறவையைத் தேட 30 மடங்கு அகல ஐபீஸே என் தேர்வு. கரும் கடலின் மேல் வெள்ளைப் பறவையைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியாமலிருக்க ஈடி லென்ஸ் (நிறங்கள் பிரிவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) உதவும். மூக்குக்கண்ணாடி போடுபவர், ஐபீஸிலிருந்து 15 மி.மீ.யாவது கண் தள்ளி இருந்தாலும் முழுப்படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சூரியன் கடல் பக்கம் இறங்கும் நேரத்தில் அதன் அருகே திருப்பவே வேண்டாம், கண் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துணியால் தேய்க்காதீர்கள், உப்புப்பரல் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் ஒற்றி உப்பைக் கரைத்தெடுத்த பிறகே துடையுங்கள். ட்ரைபாட் கணுக்களையும் கழுவி, கால்களை நீட்டியபடியே காயவிடுங்கள்.