போட்டியில் ஆட ஆர்கேட் ஸ்டிக்கா, லீவர்லெஸ்ஸா? அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை விளையாட்டு வெளிவந்த 2023 முதல் பிளேஸ்டேஷன் 5-உடன் வந்த கன்ட்ரோலரிலேயே ரியூ என்ற பாத்திரத்தை ஆடி வருகிறேன். இனிப் போட்டிகளில் கலந்துகொள்ள விரும்புவதால், லீவரால் திசை காட்டும் ஆர்கேட் ஸ்டிக்குக்கோ, லீவருக்குப் பதில் பொத்தான்களே உள்ள லீவர்லெஸ்ஸுக்கோ மாறலாமா என்று கேட்கவே இப்பதிவு.

திரையின் வலப்பக்கம் நிற்கும்போது, எழும்பிக் குத்தும் ஷோரியூக்கனுக்குரிய முன், கீழ், முன்கீழ் என்ற வரிசையில் முதல் ‘முன்’ சரியாகப் பதியாமல் கட்டைவிரல் வழுக்கிவிடுவதால், பலமுறை ஆற்றல் பந்தை எறியும் ஹடோக்கனே வெளிப்பட்டு, தாவி வரும் எதிராளியிடம் முழு காம்போவையும் (தொடர் அடிகளையும்) வாங்கிக்கொள்கிறேன். ஒரு மணிநேரம் ஆடினால் இடது கட்டைவிரல் மூட்டும் வலிக்கிறது.

2014-இல் எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் பிரான்சு ஆட்டக்காரர் லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலரைக் கொண்டே பட்டம் வென்றார் என்பதால் கன்ட்ரோலரைக் குறை சொல்ல மாட்டேன். வலிதான் என்னை யோசிக்க வைக்கிறது.

சான்வா நிறுவனத்தின் லீவர் பொருத்திய ஆர்கேட் ஸ்டிக்கை நண்பர் வீட்டில் தொட்டுப் பார்த்தேன். லீவரின் அசைவுக்கு எல்லையாக உள்ள சதுரச் சட்டத்தின் மூலையில் லீவர் ‘டக்’கென்று நிற்பது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மணிக்கட்டுக்கு அது இதமாக இருக்குமா? திசைகளுக்கும் பொத்தான்களே உள்ள லீவர்லெஸ்ஸில் விரல் நகரும் தூரம் குறைவு என்றாலும், குதிப்பதற்குக் கட்டைவிரலைப் பழக்க வேண்டும். மேலும், இடமும் வலமும் ஒருசேர அழுத்தப்பட்டால் இரண்டும் செல்லாது என்பது இவ்விளையாட்டை உருவாக்கிய காப்காமின் போட்டி விதி என்பதால், வாங்கும் கருவியில் அந்த அமைப்பை எப்படிச் சரிபார்ப்பது என்றும் விளக்க வேண்டுகிறேன்.

கன்ட்ரோலரிலிருந்து லீவர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள், பழைய ஆட்டத்திறனை மீண்டும் எட்ட எத்தனை வாரங்கள் பிடித்தன என்றும், விரல்வலி குறைந்ததா என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.