மைனஸ் 18-ல் ஓடுகிற செயின்சா மைனஸ் 1-ல் நின்றுபோகிறது, உதவி தேவை

உமேயோ_வாசி:
வணக்கம். வட சுவீடனில் உமேயோவுக்கு வெளியே இருக்கிறோம். வீட்டோடு கொஞ்சம் காடும் சேர்ந்து வந்தது. பிர்ச், ஸ்புரூஸ், ஓரத்தில் பைன். விறகுக்காக 50 சிசி புரொஃபஷனல் செயின்சா ஒன்று பழசாக வாங்கினேன். கைப்பிடி சூடாகிற ரகம். கம்பெனி பெயர் போடவில்லை, ஏனென்றால் முன்பு வைத்திருந்தவர் எதைக் கழற்றினார், எதை மாட்டினார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியில் மைனஸ் 18-ல் ஒரு குறையும் இல்லை. இப்போது மைனஸ் 1, மைனஸ் 2 என்று இருக்கிறது, ஈரப் பனி விழுகிறது. ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக அறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஐடில் ஏறி ஏறி இறங்குகிறது, ரேஸ் கொடுத்தால் திணறுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. உடனே கயிறு இழுத்தால் வராது. ஒரு காபி குடித்துவிட்டு வந்து இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

பிளக் புதுசு. பெட்ரோல், கேனில் விற்கிற அல்கைலேட் ரெடிமிக்ஸ் (ஆயில் ஏற்கெனவே கலந்த சுத்தமான பெட்ரோல்). பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டர், கலவையைத் தானே சரிசெய்துகொள்கிற எலக்ட்ரானிக் ரகம், திருகுவதற்கு ஸ்க்ரூவே கிடையாது. கைப்பிடி ஸ்விட்சைப் போட்டால் முன்னும் பின்னும் சூடு வருகிறது. அப்படியென்றால் கார்ப்பரேட்டருக்கும் சூடு போகத்தானே வேண்டும்? குளிர் கூடினால்தான் தொந்தரவு வரும் என்று நினைத்தேன், இங்கே தலைகீழாக இருக்கிறது.

நோர்வே_காட்டுவேலை:
தம்பி, இது தலைகீழ் இல்லை. நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் கார்ப்பரேட்டருக்குள்ள ஐஸ் கட்டுது.

கார்ப்பரேட்டரின்ர ஒடுங்கின தொண்டைக்குள்ள பெட்ரோல் ஆவியாகேக்க சுத்தியிருக்கிற சூட்டை உறிஞ்சும். உள்ள போற காத்து வெளியில இருக்கிறதை விடக் கன டிகிரி கீழ இறங்கும். அந்தக் காத்தில ஈரம் இருந்தால் காத்துப் பாதையை மூடுற சோக் தகட்டிலயும் துவாரத்திலயும் படிஞ்சு உறையும். 0 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 18-ல ஒரு கிராம் அளவுதான். உறையிறதுக்குத் தண்ணியே இல்லை, அதாலதான் உங்கட மிஷின் அண்டைக்கு ஒழுங்கா ஓடினது. இப்ப ஈரப் பனியும் சேர்ந்திருக்கு. ஃபேன் அதை ஸ்டார்ட்டர் பக்கத்தால இழுத்து எஞ்சினில அடிக்கும், உருகும், அந்த ஈரமும் கார்ப்பரேட்டருக்குத்தான் போகும். நிண்ட பிறகு சிலிண்டர் சூடு பரவி ஐஸ் கரையும், திரும்ப ஸ்டார்ட் ஆகும்.

கைப்பிடிச் சூடு வேற, கார்ப்பரேட்டர் சூடு வேற. இதிலதான் கனபேர் மாறி விளங்குகினம். ஸ்டீல் (Stihl) கம்பனி மொடல் பெயரில டபிள்யூ எண்டால் கைப்பிடிச் சூடு, வி எண்டால் கார்ப்பரேட்டர் சூடு. எம்எஸ் 261 சி-எம் எண்டால் இரண்டும் இல்லை, எம்எஸ் 261 சி-எம் விடபிள்யூ எண்டால் இரண்டும் இருக்கு. ஹஸ்க்வார்னா கம்பனியில மொடல் பெயரில எக்ஸ்பி-க்குப் பின்னால ஜி வந்தால் கைப்பிடிச் சூடு. கார்ப்பரேட்டருக்கும் சூடு இருக்கோ எண்டதை அந்த மொடலின்ர கையேட்டில தனியாத்தான் பார்க்கவேணும். இருந்தால் தெர்மோஸ்டாட் அதைப் பார்த்துக்கொள்ளும். எலக்ட்ரானிக் கார்ப்பரேட்டர் கலவையைத்தான் திருத்தும், ஐஸை உருக்காது.

அடுத்த முறை நிண்ட உடன செய்யுங்கோ: முதல் பெட்ரோல் மூடியைத் திறவுங்கோ. உஸ்ஸெண்டு காத்து இழுத்து, பிறகு ஸ்டார்ட் ஆனால் டாங்க் காத்துத் துவாரம்தான் உறைஞ்சிருக்கு. அது இல்லையெண்டால் மேல்மூடியைக் கெதியாக் கழட்டி ஃபில்டரையும் தொண்டையையும் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாம் உருகிப்போயிருக்கும், ஒண்டும் காணமாட்டியள்.

வான்கூவர்_தீவு:
அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுவது, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயில் போனாலும் நடக்கும். பனி இல்லாத நாளில், பிளஸ் 10, 12-ல் இப்படி நின்றிருக்கிறதா? நின்றதும் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் இருந்தால் காயிலை மறந்துவிடலாம்.

இன்னொன்று, பழசு வாங்கும்போது அது எந்த ஊருக்காகச் செய்த மிஷின் என்று பார்ப்பது முக்கியம். எங்கள் பக்கம் மேற்குக் கடற்கரையில் சரிவில் நின்று பெரிய மரம் சாய்க்கிற வேலை, அதனால் கைப்பிடி பாரின் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின்) இரண்டு பக்கமும் முழுசாகச் சுற்றி வரும். ஸ்டீலில் அதற்கு ஆர் போடுவார்கள். பார் 28 அங்குலம், 32 அங்குலம் சாதாரணம். உங்கள் பக்கம் 13 முதல் 15 அங்குலம்தான், கிளை கழிக்க அதுவே வசதி. எங்கள் மிஷினில் சைலன்சருக்குள் தீப்பொறி தடுக்கிற வலை இருக்கும், கரி அடைத்தால் அதுவும் திணறும். அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த மிஷினாக இருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள்.

உமேயோ_வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. அக்டோபரில் பிளஸ் 10 அளவில் ஓட்டியிருக்கிறேன், நிற்கவே இல்லை.

இன்று நின்றதும் அண்ணன் சொன்ன வரிசையில் பார்த்தேன். மூடி திறந்தபோது சத்தம் இல்லை. ஸ்பார்க் நீலமாக வருகிறது. மேல்மூடியைக் கழற்றினால், ஃபில்டரின் கீழ்ப்பாதியில் பனி மாவாக அப்பியிருக்கிறது. கார்ப்பரேட்டர் உடம்பு முழுக்க வெள்ளைப் பூப்பு, விரல் வைத்தால் ஒட்டுகிறது. சோக் தகட்டின் விளிம்பில் அரிசிப் பருமனுக்கு ஐஸ், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் கழன்று விழுந்தது. உள்ளே கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. அதில் சூரியன் படமும் பனித்துகள் படமும், இப்போது சூரியன் பக்கம். ஸ்டார்ட்டரில் குளிர்கால மூடி எதுவும் இல்லை. இந்தத் தகட்டைத் திருப்பினால் போதுமா?

நோர்வே_காட்டுவேலை:
அதுதான் தம்பி. பனித்துகள் பக்கம் திருப்பி மாட்டுங்கோ. அப்ப சிலிண்டரைத் தொட்டு வாற சூடான காத்தையும் சேர்த்து இழுக்கும், ஐஸ் பிடிக்காது. ஸ்டீல் கையேடுகள் கனத்தில பிளஸ் 10-க்குக் கீழ குளிர்கால நிலை, பிளஸ் 20-க்கு மேல கட்டாயம் கோடை நிலை எண்டு இருக்கும். மற்றக் கம்பனிகளில கணக்கு வேற, உங்கட கையேட்டைப் பாருங்கோ. பனி இவ்வளவு உள்ள போகுதெண்டால் ஸ்டார்ட்டருக்குப் போடுற மூடியும், கண் அகண்ட நைலான் ஃபில்டரும் வாங்குங்கோ. நெருக்கமான ஃபில்டரில பனி கெதியா அடைக்கும். ஆனால் அந்த மூடி குளிர்விக்கிற காத்தையே குறைக்குது. வெயில் ஏறின நாளில கழட்டாமல் வேலை செய்தால் பிஸ்டன் பிடிச்சு எஞ்சின் போயிடும். ஏப்ரலில இதைக் கழட்ட மறக்கவே கூடாது.

உங்கட மிஷினில கைப்பிடிச் சூடு வேலை செய்யுது, அதைச் சும்மா விடாதையுங்கோ. கைப்பிடிச் சூட்டைச் சொகுசு எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரலுக்கு ரத்தம் போறது குறையும், வருசக்கணக்கில வெள்ளை விரல் நோய் வரும், வந்தால் முழுசா மாறுறது கஷ்டம். 2002-ல ஐரோப்பிய ஒன்றியம் அதிர்வுக்கெண்டே சட்டம் கொண்டுவந்தது. 8 மணி நேர வேலைக்கு 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்கவேணும், 5 தாண்டவே கூடாது. விரல் நுனி வெள்ளையாகி உணர்வு போகுதெண்டால் அண்டைக்கு வேலையை நிப்பாட்டி டாக்டரிட்டப் போங்கோ.

உமேயோ_வாசி:
தகட்டைத் திருப்பினேன். அதே ஈரப் பனியில் மதியம் முழுக்க ஓடியது, ஐடில் ஆடவே இல்லை. மூடிக்கும் ஃபில்டருக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: உறைந்த பிர்ச்சில் செயின் சீக்கிரம் மழுங்குகிறது. பார் ஆயிலும் காலையில் வரவே மாட்டேன் என்கிறது.

வான்கூவர்_தீவு:
கோடைக்கான கெட்டியான ஆயிலைக் குளிரில் ஓட்டினால் பம்ப்பின் பல் சக்கரமே தேய்ந்துபோகும். குளிர்கால பார் ஆயில் வாங்கி, கேனை இரவு வீட்டுக்குள் வையுங்கள். அறுக்கும் முன் வெள்ளை அட்டைக்கு நேராக பார் நுனியைக் காட்டி ரேஸ் கொடுத்தால் ஆயில் கோடு தெறிக்க வேண்டும்.

உறைந்த மரத்துக்குச் செயின் பல்லின் மேல் கோணத்தை 30-லிருந்து 25 டிகிரிக்குக் குறைத்து அராவுங்கள். முனை கொஞ்சம் தடிப்பாக நிற்கும், அவ்வளவு சீக்கிரம் நுனி போகாது. வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிட்டு வையுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் மைனஸ் 18-ல் சுருங்கி கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் இழுக்கும்.