புதுப்பிப்பு: போட்டி நாளில் மகளுக்கு வயிற்றுவலி

போன மாதம் கேட்டிருந்தேன்: 12 வயது மகள், 800 மீற்றர் ஓட்டம், வலயமட்டப் போட்டி நெருங்கினாலே வயிற்றுவலி, வாந்தி. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் டொக்டரிடம் காட்டினோம். உடம்பில் குறையில்லை, பதற்றம்தான் என்றார். 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடும் பயிற்சியால் கை நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நன்றாக வேலை செய்தது, "வீடு திரும்பும் வழியில் ஓட்டத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்" என்று ஒரு அக்கா எழுதியதுதான். மக்கெய்சர் மைதானத்திலிருந்து உப்புவெளி வரும்வரை மோட்டார் சைக்கிளில் நான் செய்த பிரசங்கம் அப்படி! முதல் இரண்டு நாள் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். மூன்றாம் நாள் பின்னாலிருந்து அவளே, "அப்பா, கடைசி வளைவில அவசரப்பட்டுட்டன்" என்றாள்.

எதிர்பாராத விஷயம் ஒன்று: அவள் அதிகம் பயந்தது என் கையிலிருந்த ஸ்டொப் வோச்சுக்கு. அதை லாச்சிக்குள் போட்டாயிற்று.

போட்டியில் 4ஆம் இடம், மாகாணத்துக்குத் தெரிவாகவில்லை. சரி, அன்று காலை மூன்று இடியப்பம் சாப்பிட்டாள், வாந்தி இல்லை. பயிற்சிக்கு இன்னும் போகிறாள்.